கிணற்றின் சாட்சியம்: எண்ணெய்த் தொட்டிகளும் கெங்கவல்லி நிலத்தடி நீரும்

கெங்கவல்லி தாலுகாவில் ஒரு குடும்பத்தின் நிலைமையை அறிய விரும்புவோர் அதன் ஏக்கர்க் கணக்கை முதலில் விசாரிப்பதில்லை. கிணற்றில் மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடும் என்றே விசாரிப்பது வழக்கம். கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் அணித்தான இச்சமவெளியில் சுவேத நதி ஆண்டில் சில காலமே நீர் காட்டுவது. பாக்குத் தோப்பும், மஞ்சளும், மரவள்ளியும், மக்காச்சோளமும், பருத்தியும் பெரும்பாலும் கிணற்றையே நம்பியவை. முன்னோர்கள் பாறையை வெடி வைத்து உடைத்து, கவலை கட்டி இறைத்த கிணறுகளே இன்று மின்சார மோட்டார் வைத்து இறைக்கப்படுகின்றன. ஆகவே இவ்வூர்களில் நிலம் என்பது கிணறு; கிணறு என்பது ஊற்றுக்கண்.

அந்த ஊற்றுக்கண் வற்றிப் போவதைப் பற்றிக் குடியானவர்கள் ஓயாமல் கவலைப்படுகிறார்கள். அது நியாயமே. ஆனால் வற்றாமல் இருக்கும்போதே அது கெட்டுப் போகக்கூடும் என்பதைப் பற்றி அவ்வளவு சிந்தனை இல்லை. சாய நீரும் ஆலைக் கழிவும் கண்ணுக்குத் தெரிவதால் அவற்றைக் குறித்து ஊரில் பேச்சு எழுகிறது. பூமிக்குள் புதைக்கப்பட்ட எண்ணெய்த் தொட்டியிலிருந்து கசியும் பெட்ரோலும் டீசலும் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஒவ்வொரு பெட்ரோல் பங்க்கின் அடியிலும் பல ஆயிரம் லிட்டர் கொள்ளும் இரும்புத் தொட்டிகள் இருக்கின்றன. சங்ககிரியில் எண்ணெய்க் கம்பெனிகளின் பெரிய கிடங்குகளே இருக்கின்றன.

இத்தொட்டிகள் வேண்டாம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள். டிராக்டரும் அறுவடை இயந்திரமும் டீசல் இன்றி ஓடா. இங்கே வற்புறுத்தத்தக்க விஷயம் ஒன்றே. தொட்டி பூமிக்குள் இறங்குமுன் சுற்றுப்புறக் கிணறுகளின் நீரைச் சோதித்துப் பதிவு செய்து வைக்க வேண்டும். அப்பதிவு இல்லாத ஊரில், பின்னால் நீர் கெட்டால், கெட்டது என்று நிரூபிப்பதே பெரிய வழக்காகிவிடும்.

எண்ணெய் பூமிக்குள் செல்லும் விதம்

தொட்டியோ குழாயோ ஒரே நாளில் வெடித்துப் பெருக்கெடுப்பது அபூர்வம். துருப்பிடித்த ஓர் ஊசித் துளையோ, தளர்ந்த ஓர் இணைப்போ போதும். விநாடிக்கு ஒரு சொட்டு வீதம் கசிவதாகக் கொள்க. இருபது சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கணக்கிட்டால், நாள் ஒன்றுக்கு 4 லிட்டருக்கு மேலும், ஆண்டு ஒன்றுக்கு 1,500 லிட்டருக்கு மேலும் பூமிக்குள் இறங்கும். நாள்தோறும் ஆயிரக்கணக்கான லிட்டர் விற்கும் இடத்தில் இந்த 4 லிட்டர் கணக்கிலே அகப்படுவது அரிது.

இறங்கிய எண்ணெயில் ஒரு பகுதி மண்ணில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு பகுதி ஆவியாகிறது. மீதி நிலத்தடி நீர்மட்டத்தை அடைந்து, நீரைவிட இலேசானதால் அதன்மேல் மிதக்கிறது. மிதப்பது மட்டுமாயின் அதை வழித்து எடுத்துவிடலாம். அதிலுள்ள பென்சீன், டொலுவீன் முதலிய சில பொருள்கள் நீரிலே கரைந்து, ஊற்று ஓடும் திசையில் தாமும் ஓடுகின்றன. இவற்றுள் பென்சீன் மிகக் கொடியது. நெடுநாள் உட்கொண்டால் இரத்தப் புற்றுநோய்க்குக் காரணமாகும் என்பது வைத்திய சாஸ்திரத்தில் முடிந்த முடிவு. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஒரு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் பென்சீனையே வரம்பாக வைத்திருக்கிறது.

இந்த வரம்பின் பொருளைக் கிணற்றுக் கணக்கில் பார்ப்பது நல்லது. 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் பெட்ரோலில் நூற்றுக்கு ஒரு பங்கு வரை பென்சீன் இருக்கலாம் என்பது விதி. அதன்படி ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 கிராம் பென்சீன் இருக்கக்கூடும். அது முழுவதும் கரைந்தால் சுமார் 9 லட்சம் லிட்டர் நீரை அவ்வரம்புக்குக் கொண்டுவந்து நிறுத்தப் போதும். 30 அடி விட்டமும் 15 அடி நீரும் உள்ள ஒரு கிணற்றில் சுமார் 3 லட்சம் லிட்டர் நீரே இருக்கும். எனவே ஒரு லிட்டர் பெட்ரோல் மூன்று கிணற்று நீருக்கு எமன். எல்லாப் பென்சீனும் நீரில் சேர்ந்துவிடாது, ஒரு பகுதி ஆவியாகிவிடும் என்பது மெய்யே. ஆயினும் அபாயத்தின் அளவை உணர்வதற்கு இக்கணக்குப் போதுமானது.

இக்காலத்துப் பெட்ரோலில் மற்றொரு விசேஷமும் உண்டு. அதில் நூற்றுக்கு 20 பங்கு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. குடியானவர் விளைவிக்கும் மக்காச்சோளமும் அதற்குப் பயன்படுகிறது. விளைபொருளுக்கு விலை கிடைக்கிறதென்ற வகையில் இது நன்மையே. ஆனால் கசிந்த பெட்ரோலைத் தின்று அழிக்கும் மண்ணுயிர்கள் முதலில் எத்தனாலைத் தின்னத் தொடங்கிப் பிராண வாயுவைத் தீர்த்துவிடுகின்றன. அதனால் பென்சீன் அழியாமல் அதிக நாள் தங்கி, அதிக தூரம் செல்லக்கூடும் என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

கெங்கவல்லிச் சீமையின் பாறை அமைப்பு இந்த அபாயத்தைக் கூட்டுகிறது. மணற்பாங்கான பூமியில் நீர் ஒரே சீராகப் பரவும். மாசும் ஏறக்குறைய அவ்வாறே பரவும். சேலம் ஜில்லாவின் கடினப் பாறையிலோ, மேலே மக்கிய பாறையும் கீழே வெடிப்புகளுமே நீரின் வழி. பங்க்குக்கு அடுத்த காட்டுக் கிணறு தப்பித்துவிடலாம்; இரண்டு காடு தள்ளியுள்ள கிணற்றின் ஊற்றுக்கண் அந்த வெடிப்போடு சேர்ந்திருந்தால் அது கெட்டுப் போகலாம். ஆகையால், "என் கிணறு தூரத்தில் இருக்கிறது" என்ற ஆறுதலுக்கு இந்தப் பூமியில் இடமில்லை.

சுன்னாகம் கண்ட பாடம்

இவையெல்லாம் வெறும் அச்சம் என்று எண்ணுவோர் யாழ்ப்பாணத்தைப் பார்க்கலாம். வற்றாத ஆறு ஒன்றும் இல்லாத அக்குடாநாட்டில், சுண்ணாம்புக் கல்லின் உள்ளே தேங்கும் மழைநீரே குடிநீரும் பாசன நீரும். செம்மண் காடுகளில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் கிணற்றை இறைத்தே விளைகின்றன. அங்குள்ள சுன்னாகத்தில் எண்ணெயை எரித்து மின்சாரம் செய்யும் நிலையம் நெடுங்காலம் இருந்துவந்தது. அதனைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதப்பதாகக் குடிகள் முறையிட்டனர். 2014-ஐ ஒட்டி இலங்கையின் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை 150 கிணறுகளைச் சோதித்தபோது, 109 கிணறுகளில் எண்ணெயும் கொழுப்பும் வரம்புக்கு மேல் இருக்கக் கண்டது. சொந்த வாசலில் கிணறு வைத்திருந்த குடும்பங்கள் வண்டியில் வரும் தண்ணீருக்குக் குடத்தோடு காத்து நின்றன.

அதன்பின் நடந்ததே மிகவும் கவனிக்கத்தக்கது. எண்ணெய் எங்கிருந்து வந்தது, எந்தக் காலத்தில் வந்தது, அது தீங்கு உடையதுதானா என்று ஒன்றுக்கொன்று மாறுபட்ட அறிக்கைகள் வெளிவந்தன. பழைய நிலையமா, புதிய கம்பெனியா, யுத்த காலத்துச் சேதமா என்று வாதங்கள் வளர்ந்தன. இறுதியில் வழக்கு இலங்கையின் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 2019 ஏப்ரல் 4-ந் தேதி அளித்த தீர்ப்பில், அங்கே மின்சாரம் செய்துவந்த நார்த்தர்ன் பவர் கம்பெனி இலங்கை நாணயத்தில் 2 கோடி ரூபாய் நஷ்டஈடு செலுத்த வேண்டுமென்று நீதிமன்றம் உத்தரவிட்டது. 500 பேருக்கு மேற்படாமல், ஆளுக்கு 40,000 ரூபாய் வரை, கிணற்றைச் சுத்தம் செய்துகொள்வதற்காக அது பகிரப்பட வேண்டும் என்பது ஏற்பாடு.

நீதி கிடைத்தது என்று திருப்தி அடையலாம். ஆயினும் முறையீட்டுக்கும் தீர்ப்புக்கும் இடையில் கழிந்த ஆண்டுகள் எத்தனை? கெட்ட கிணற்றை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் எத்தனை போகம் இழக்க முடியும்? நிலையம் கட்டப்படுமுன் அந்தக் கிணறுகளின் நீர் எப்படி இருந்தது என்றும், அதன்பின் ஆண்டுதோறும் எப்படி மாறியது என்றும் ஒழுங்கான பதிவு இருந்திருக்குமாயின், வாதங்களிற் பாதி எழுந்தே இராது.

தமிழ்நாட்டிலும் இத்தகைய சம்பவம் நடந்திருக்கிறது. 2013-ல் சென்னைத் தண்டையார்பேட்டையில் வீட்டுக் கிணறுகளிலும் ஆழ்துளைக் கிணறுகளிலும் தண்ணீருக்குப் பதிலாக எண்ணெய் வாடையே எழுந்தது. துறைமுகத்திலிருந்து பாரத் பெட்ரோலியம் கம்பெனியின் கிடங்குக்கு வரும் குழாயில் கசிவு கண்டுபிடிக்கப்பட்டது. விஷயம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. நிபுணர்களின் ஆலோசனையின்பேரில் மண்ணையும் நீரையும் சுத்தம் செய்யும் வேலை பல ஆண்டுகள் நீடித்தது. தலைநகரில், நிபுணர்களும் நீதிமன்றமும் அருகிலேயே இருக்கும் இடத்தில் நிலைமை இது. கெங்கவல்லி போன்ற தூரத்துத் தாலுகாவில் ஒரு கிணறு கெட்டால், குடியானவர் சொல்லைக் கேட்பார் எத்தனை பேர் இருப்பர் என்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

மூக்கை நம்பலாகாது

நீரில் நாற்றம் இல்லையே என்று பலர் தைரியம் கொள்வர். பென்சீன் ஒரு லிட்டரில் சுமார் 10 மில்லிகிராம் சேர்ந்த பின்னரே மனிதன் மூக்குக்கு எட்டும் என்று கணித்திருக்கிறார்கள். குடிநீர் வரம்போ 0.01 மில்லிகிராம், அதாவது வரம்பைப்போல் ஆயிரம் மடங்கு கூடும்வரை மூக்கு அந்தப் பொருளைப் பற்றி எச்சரிக்கை செய்யாமல் இருந்துவிடலாம். பெட்ரோலிலுள்ள மற்றப் பொருள்களின் வாடை அதற்கு முன்பே தெரிவதும் உண்டு. ஆனால் அதை நம்பிக் காத்திருப்பது விவேகமாகாது. பாசன நீருக்கு வழக்கமாகச் செய்யப்படும் உப்புச் சோதனையிலும் களர்ச் சோதனையிலும் எண்ணெய் தென்படாது. எண்ணெய்க்கென்று தனியே கேட்டுத் தனியே சோதிக்க வேண்டும்.

கண்காணிப்பு இரண்டு இடங்களில் நடைபெற வேண்டும். முதலாவது தொட்டியில். இறங்கிய சரக்கு, விற்ற சரக்கு, இருப்பு ஆகிய மூன்றையும் நாள்தோறும் டிப் ராட் என்னும் அளவு கோலாலோ தானே அளக்கும் கருவியாலோ சரிபார்க்க வேண்டும். வெப்பத்தினால் எண்ணெய் விரிவதும் சுருங்குவதும் உண்டாகையால் ஒரு நாள் கணக்கைக் கொண்டு முடிவு செய்யலாகாது. ஒரு மாதக் கணக்கு ஒரே பக்கமாகக் குறைந்துகொண்டே வந்தால் அது கசிவின் அறிகுறி. அளவு கோலில் தடவும் பசை நிறம் மாறித் தொட்டியினுள் நீர் இருப்பதைக் காட்டினாலும் கவனிக்க வேண்டும். நீர் உள்ளே புகும் துளை வழியாக எண்ணெய் வெளியேயும் போகக்கூடும்.

இரண்டாவது பூமியில். தொட்டியைச் சுற்றிக் குறைந்தது மூன்று கண்காணிப்புத் துளைகள் இருந்தால்தான் நீர் எப்பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்பது விளங்கும். அவற்றில் ஒன்று மேட்டுப் பக்கத்திலும் மற்றவை நீர் ஓடும் பக்கத்திலும் அமைவது முறை. நீர்மட்டம் மிகவும் தாழ்ந்திருக்கும் சித்திரையில் ஒரு முறையும், மழைக்குப்பின் உயர்ந்திருக்கும் தையில் ஒரு முறையும் நீர் எடுத்துச் சோதித்தல் நலம். மட்டம் இறங்கும்போது பாறையில் ஒட்டிய எண்ணெய் கிணற்றுக்குள் வடிந்து படலமாகத் தோன்றும். மட்டம் ஏறும்போது மறைந்துவிடும். ஆகவே ஒரு பருவத்துச் சோதனையில் ஒன்றும் இல்லை என்றால் விஷயம் முடிந்துவிட்டதென்று கருதலாகாது.

நீர் எடுப்பதிலும் ஒரு முறை உண்டு. பிளாஸ்டிக் புட்டியில் பாதி நிரப்பிக் கொண்டுபோன நீரில் பென்சீன் வழியிலேயே ஆவியாகிவிடும். கண்ணாடிப் புட்டியில் காற்றுக் குமிழி இல்லாமல் விளிம்பு வரை நிரப்பி, இறுக மூடி, பனிக்கட்டியில் வைத்து விரைவாகச் சோதனைச் சாலையில் சேர்க்க வேண்டும். எடுத்த நாள், நேரம், கிணற்றின் சர்வே நம்பர், எடுத்தவர், உடனிருந்தவர் ஆகிய விவரங்கள் புட்டியின்மேல் இருத்தல் அவசியம். இல்லையேல் நீதிமன்றத்தில் அப்புட்டிக்கு மதிப்பில்லை.

கெட்டபின் செய்யத்தக்கது

கிணற்றில் எண்ணெய் தெரிந்தவுடன் குடியானவர்கள் செய்யும் முதல் காரியம் மோட்டாரை ஓட்டி நீரை வெளியேற்றுவதே. அது பெருந்தவறு. வேகமாக இறைப்பதனால் தூரத்தில் நிற்கும் எண்ணெயும் அக்கிணற்றை நோக்கி இழுக்கப்படும். வெளியேற்றிய நீர் வாய்க்காலில் பாய்ந்து வயலையும் கெடுக்கும். எண்ணெய் படிந்த மண்ணில் வேருக்குக் காற்றும் நீரும் செல்லாது. விதையும் சரியாக முளைக்காது. அதனினும் கொடியது, நிலவரம் அறிவதற்கென ஆளைக் கிணற்றுக்குள் இறக்குவது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. கிணற்றின் அடியில் தங்கி மயக்கும். ஒரு பீடி நெருப்போ, மோட்டார்ச் சுவிட்சின் பொறியோ பட்டால் தீப்பிடிக்கும். ஆகையால் கிணற்றை மூடி, இறைப்பதை நிறுத்தி, நெருப்பை விலக்கி, தாசில்தாருக்கும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் எழுத்து மூலம் உடனே அறிவிப்பதே செய்யத்தக்கது.

சுத்தம் செய்யும் வேலையில் முதற்படி கசிவை நிறுத்துவது. அது நிற்காமல் மற்றவை செய்வது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதாகும். அடுத்தபடி, மிதக்கும் எண்ணெயைத் தனியே வழித்தெடுக்கிறார்கள். மண்ணில் தங்கிய ஆவியைக் குழாய் இறக்கி உறிஞ்சி வெளியேற்றுகிறார்கள். கரைந்த பகுதியை நிபுணர் குறிக்கும் இடத்தில், குறிக்கும் அளவில் மேலே இறைத்து, வீரியமேற்றிய கரியின் வழியே செலுத்தி வடிகட்டுகிறார்கள். சில இடங்களில் பூமிக்குள் காற்றைச் செலுத்தி, எண்ணெயைத் தின்னும் மண்ணுயிர்களுக்கு உயிரூட்டுகிறார்கள். எருக்குழியைக் கிளறிக் காற்றுப்படச் செய்தால் குப்பை விரைவில் மக்குவதைக் குடியானவர் அறிவர். இதுவும் அதே தத்துவமே. டெல்லியிலுள்ள டெரி நிறுவனம் உருவாக்கிய 'ஆயில்சாப்பர்' என்னும் நுண்ணுயிர்க் கலவை, எண்ணெய் பட்ட மண்ணைத் திருத்துவதற்கு இந்நாட்டு எண்ணெய் வயல்களில் பயன்பட்டிருக்கிறது. ஆனால் மேல்மண்ணைத் திருத்துவது வேறு. நூறடிக்குக் கீழே பாறை வெடிப்பில் ஒளிந்திருப்பதைத் திருத்துவது வேறு.

இவ்வேலைகளின் எல்லையையும் அறிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் மின்னசோட்டா மாகாணத்துப் பெமிட்ஜி என்னும் ஊருக்கு அருகே 1979 ஆகஸ்டு 20-ந் தேதி ஒரு குழாய் வெடித்து, சுமார் 17 லட்சம் லிட்டர் கச்சா எண்ணெய் சிந்தியது. இயன்றவரை அள்ளியும் எரித்தும் எடுத்தபின் சுமார் 4 லட்சம் லிட்டர் பூமிக்குள் தங்கிவிட்டது. 1983 முதல் அந்நாட்டு அரசாங்க நிபுணர்கள் அவ்விடத்தையே ஓர் ஆராய்ச்சிப் பண்ணையாக வைத்துப் பார்த்துவருகிறார்கள். மண்ணுயிர்கள் மாசை ஓரளவு தின்று அது பரவும் வேகத்தைக் குறைக்கின்றன என்பது அங்கே தெரிந்த நல்ல செய்தி. நாற்பது ஆண்டுகள் கழித்தும் எண்ணெய் அங்கேயே இருக்கிறது என்பது மற்றொரு செய்தி. அந்நாட்டில் பங்க்குகளின் புதைத் தொட்டிகளுக்கு 1984-ல் சட்டம் செய்து கண்காணிக்கத் தொடங்கியபின், 5 லட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகள் வெளிப்பட்டன. தேடிப் பார்த்ததனால் அவை அகப்பட்டன. தேடாத நாட்டில் கசிவு இல்லை என்று சொல்ல முடியாது.

நிலம் கொடுக்கும் மிராசுதார் கவனத்துக்கு

இவ்விஷயத்தில் வெளிப்படையாகப் பேசத்தக்க ஒன்று உண்டு. சாலையோர நிலத்தைப் பங்க்குக்குக் குத்தகைக்கு விடுவது பலருக்கும் ஆசை. மழையும் விலையும் கைவிட்டாலும் மாதவாடகை கைவிடாது. இந்த ஆசையைக் குறைகூற யாருக்கும் உரிமையில்லை. ஆயினும் வாடகை ஒருவருக்கு, ஊற்று எல்லாருக்கும் என்பதை நிலம் கொடுப்பவர் மறக்கலாகாது. கம்பெனிகளின் குத்தகை முடிந்து, தொட்டியைத் தோண்டி எடுத்துக்கொண்டு போனபின், கெட்ட மண்ணோடு நிற்பவரும் அவரே. ஆகவே குத்தகைப் பத்திரத்திலேயே மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கும்படி கேட்பது புத்திசாலித்தனம். தொட்டி இறங்குமுன் மண்ணும் நீரும் சோதிக்கப்பட வேண்டும். ஆண்டுதோறும் செய்யும் சோதனையின் நகல் நிலச் சொந்தக்காரருக்குத் தரப்பட வேண்டும். விலகும்போது மீண்டும் சோதித்துப் பழுது இருந்தால் கம்பெனியின் செலவில் திருத்தித் தரப்பட வேண்டும்.

செலவு அதிகம் என்று ஆட்சேபம் எழலாம். ஒரு பங்க் அமைப்பதற்கு ஆகும் முதலை நோக்கினால், சில கிணற்று நீரைச் சோதிக்கும் செலவு சொற்பமே. நேர்மையான வியாபாரிக்கு அது பாதுகாப்பும் ஆகும். எங்கோ ஒரு பட்டறையின் கழிவெண்ணெயால் கிணறு கெட்டு, பழி தன்மேல் விழும்போது, அவரைக் காப்பதும் அந்தப் பதிவே. நீர் கெட்டது என்று தெரிந்தால் நிலத்தின் விலை விழுந்துவிடும், ஆகையால் பேசாமல் இருப்பதே மேல் என்று கருதும் குடியானவர்களும் உண்டு. விலை விழுமே என்று மறைத்த கிணற்று நீரைத்தான் அவர் வீட்டுப் பிள்ளைகள் நாள்தோறும் குடிக்கிறார்கள்.

பிறரைக் கேட்குமுன் தம் வாசலைப் பார்த்துக்கொள்வதும் கடமை. கிணற்று மேட்டில் டீசல் பீப்பாய் வைப்பதும், டிராக்டரின் பழைய எண்ணெயை வரப்போரத்தில் ஊற்றுவதும், எண்ணெய்க் கந்தையைப் பாழ்ங்கிணற்றில் போடுவதும் பல ஊர்களில் சாதாரணம். பாழ்ங்கிணறு என்பது ஊற்றுக்குள் நேரே இறங்கும் புனல். பீப்பாயைக் கிணற்றுக்குத் தூரமாக, பள்ளப் பக்கத்தில், சிமெண்டுத் தளத்தின்மேல் விளிம்பு கட்டி வைத்தல் வேண்டும். கழிவெண்ணெயைச் சேர்த்து வைத்து, அதனை முறையாக வாங்குவோரிடம் கொடுத்தல் வேண்டும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் செய்யக்கூடியது

1934-ம் ஆண்டுப் பெட்ரோலியம் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட 2002-ம் ஆண்டு விதிகளின்படி, புதிய பங்க்குக்கு ஜில்லா அதிகாரியின் தடையின்மைச் சான்று வேண்டும். அதற்கான விசாரணையில் கிராமத்திலிருந்தும் அறிக்கை போகிறது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2020 ஜனவரியில் வகுத்த நெறிகளில், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, குடியிருப்பு ஆகியவற்றிலிருந்து 50 மீட்டர் தூரம் சொல்லப்பட்டிருக்கிறது. விசேஷப் பாதுகாப்புகளுடன்கூட அது 30 மீட்டருக்குக் குறையலாகாது. கட்டடங்களின் தூரத்தை நாடா பிடித்து அளப்பது எளிது. கடினப் பாறைப் பூமியில் கிணறுகளைப் பற்றிய விவரமும் அதே அறிக்கையில் ஏறவேண்டும். எந்தச் சர்வே நம்பரில் எந்தக் கிணறு, எத்தனை அடி ஆழம், எந்த மாதத்தில் எவ்வளவு நீர், குடிநீருக்கா பாசனத்துக்கா என்னும் விவரங்களைக் கிராம நிர்வாக அலுவலரைவிட நன்றாக அறிந்தவர் எவரும் இல்லை. அவ்விவரத்தோடு, அக்கிணறுகளின் நீரை எண்ணெய்க்கெனச் சோதித்த முடிவும் சேர்த்து அனுப்பப்பட வேண்டுமென்று ஜில்லா அதிகாரிகள் ஒரு வழக்கத்தை ஏற்படுத்துவார்களானால், புதிய சட்டம் ஒன்றும் தேவைப்படாது.

ஏற்கெனவே உள்ள பங்க்குகளின் விஷயத்தில் கிராம சபை ஒரு தீர்மானம் செய்யலாம். பங்க்கைச் சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஒரு புத்தகம் வைத்து, சித்திரையிலும் தையிலும் சோதனை முடிவைப் பதிந்து வரலாம். அப்புத்தகத்தைக் கேட்பவர் எவருக்கும் காட்ட வேண்டும். மாசு செய்தவரே அதைத் திருத்தும் செலவைத் தாங்க வேண்டும் என்ற கொள்கையை இந்திய உச்ச நீதிமன்றம் 1996-ல், வேலூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் வழக்கில் நிலைநாட்டியிருக்கிறது. ஆனால் மாசு செய்தவர் இன்னார் என்று காட்டினால் அல்லவா அக்கொள்கை பயன்படும்? அதைக் காட்டுவது அந்தப் புத்தகம்.

நிலத்தை விற்கும்போது வில்லங்கச் சான்று பார்க்காமல் எவரும் பணம் கொடுப்பதில்லை. முப்பது ஆண்டுக்கு முந்திய பத்திரத்தையும் பெட்டியில் பத்திரமாய் வைத்திருக்கும் குடும்பங்கள் கெங்கவல்லியில் ஏராளம். நிலத்துக்கு எடுக்கும் இந்த ஜாக்கிரதையில் கால் பங்கு நீருக்கும் எடுத்தால் போதும். வரும் சித்திரையில், நீர் அடிமட்டத்தில் நிற்கும்போது, பங்க்குக்கு அருகிலுள்ள கிணற்றுக்காரர்கள் கூடி முதற் புட்டி நீரை எடுத்து அனுப்பட்டும். அதில் ஒன்றும் இல்லை என்று முடிவு வருமாயின் அதுவே நல்ல செய்தி. பின்னால் ஏதேனும் நேர்ந்தால் அந்தக் காகிதமே கிணற்றின் சார்பில் பேசும்.